ஆப்பை அழித்துவிட்டால் மனம் சரியாகிவிடுமா?

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் இன்ஸ்டாகிராமைத் திறந்தால் இரண்டு மணி ஆகிவிடுகிறது. போனை வைத்த பிறகும் தூக்கம் வருவதில்லை. பகலில் யாரிடமோ சொன்ன ஒரு வார்த்தை, பார்த்துவிட்டும் பதில் போடாத ஒரு தோழியின் மெசேஜ், மற்றவர்கள் எல்லாரும் எங்கேயோ முன்னால் போய்விட்டார்கள் என்ற நினைப்பு, இவையே திரும்பத் திரும்ப ஓடுகின்றன. கொஞ்ச நாளாக எதிலும் பிடிப்பு இல்லை. "இதெல்லாம் போனால் வந்ததா, இல்லை நான் பிறவியிலேயே இப்படியா? ஆப்பை எல்லாம் அழித்துவிட்டால் சரியாகிவிடுமா?"

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிறவியிலேயே இப்படி இல்லை. அதே சமயம், போன் மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். போனுக்கும் மனச்சோர்வுக்கும் நடுவில் ஒரு பாலம் இருப்பதைத் தொடர்ந்து பார்க்கிறேன். போனைக் கீழே வைத்த பிறகு மனம் என்ன செய்கிறது என்பதுதான் அந்தப் பாலம். உங்கள் கேள்வியிலேயே அது தெரிகிறது. ரீல்ஸ் பார்த்த மூன்று மணி நேரத்தைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். மீதி எல்லாம் அதற்குப் பிறகு தூங்காமல் புரண்ட நேரத்தைப் பற்றியது.

ஓவர்திங்கிங் என்று இன்று எல்லாரும் சொல்வதை உளவியல் ஆய்வுகளில் அசைபோடுதல் என்ற பொருளுள்ள சொல்லால் குறிப்பிடுகிறார்கள். பொருத்தமான சொல்தான், ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாடு அசைபோட்டால் தீனி செரிக்கும். மனம் அசைபோட்டால் எதுவும் செரிப்பதில்லை. அதே வார்த்தை, அதே முகம், அதே வெட்கம் கொஞ்சமும் கரையாமல் மறுபடி மேலே வருகிறது.

இதைப் பற்றி அதிகம் ஆராய்ந்தவர் சூசன் நோலன் ஹோக்செமா என்ற அமெரிக்க உளவியலாளர். 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் சிலரிடம், மனம் சோர்ந்திருக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கி வைத்திருந்தார். நிலநடுக்கம் முடிந்து 10 நாளிலும், பிறகு 7 வாரத்திலும் அதே மாணவர்களின் மனநிலையைப் பார்த்தார். எல்லாருக்கும் வந்தது ஒரே நிலநடுக்கம்தான். ஆனால் முன்பே அசைபோடும் பழக்கம் கூடுதலாக இருந்தவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகமாகவும் நீடித்தும் இருந்தன. தொடக்கத்திலேயே யாருக்கு எவ்வளவு சோர்வு இருந்தது என்பதைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் முடிவு மாறவில்லை. நடந்த சம்பவம் ஒரு பங்கு, அதை மனம் எப்படிக் கையாள்கிறது என்பது இன்னொரு பங்கு. நான் மாணவர்களுக்கு இந்த ஆய்வை அடிக்கடி சொல்வதற்குக் காரணம் உண்டு. சம்பவம் நம் கையில் இல்லை. பழக்கம் ஓரளவுக்காவது நம் கையில் இருக்கிறது.

யோசிப்பதே தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நோலன் ஹோக்செமாவும் சக ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை இரண்டாகப் பிரித்தார்கள். நடந்ததைப் புரிந்துகொண்டு வழி தேடும் சிந்தனை ஒன்று. "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று அங்கேயே நின்று மருகுவது இன்னொன்று. காலப்போக்கில் சோர்வைக் கூட்டுவது இரண்டாவது வகைதான். உள்ளே இருக்கும்போது இரண்டும் ஒன்று போலவே தோன்றும் என்பதுதான் சிக்கல். மருகிக்கொண்டிருப்பவருக்கும் தான் ஏதோ பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டிருப்பதாகவே படும். அதனால்தான் விட முடிவதில்லை. நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை எளிமையானது. பதினைந்து நிமிடம் யோசித்த பிறகு, ஆரம்பத்தில் இல்லாத ஒரு முடிவோ, செய்ய வேண்டிய ஒரு வேலையோ, ஒரு புதுத் தகவலோ கையில் இருக்கிறதா? இருந்தால் அது யோசனை. இல்லையென்றால் செக்குமாடு நடக்கிறது.

சரி, இதில் சமூக ஊடகம் எங்கே வருகிறது? அசைபோட ஓயாமல் தீனி தருவது அதுதான். உங்கள் மெசேஜை ஒருவர் பார்த்துவிட்டார் என்று திரை காட்டுகிறது. ஏன் பதில் போடவில்லை என்பதைக் காட்டுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் வேலை உங்கள் மனதுக்கு வந்து சேர்கிறது. ஏற்கெனவே சோர்ந்திருக்கும் மனம் அதை நல்லதாக நிரப்பாது. "பஸ்ஸில் இருந்திருப்பாள்" என்று தோன்றாது, "நேற்று நான் பேசியது அவளுக்குப் பிடிக்கவில்லை" என்றுதான் தோன்றும். முன்பெல்லாம் இப்படிப்பட்ட சந்தேகம் நாளுக்கு ஒன்றோ இரண்டோ வந்திருக்கும். இப்போது ஒரு மணி நேரத்தில் இருபது வந்து போகிறது: யார் ஸ்டோரி பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை, லைக் ஏன் குறைந்தது, குரூப் போட்டோவில் நான் ஏன் இல்லை.

அடுத்தது ஒப்பீடு. தன்னை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் மற்றவர்களை வைத்துத்தான் தங்களை அளந்துகொள்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். பல்கலைக்கழக வயதில் எந்த அளவுகோலும் உறுதியாக இருப்பதில்லை. என்ன வேலைக்குப் போவோம், யாரோடு வாழ்வோம், நமக்கு உண்மையில் எது வரும், ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் கண் முன்னால் வருவது மற்றவர்கள் தேர்ந்தெடுத்துப் போட்ட நல்ல நாட்கள் மட்டும். அழுத இரவை யாரும் போஸ்ட் போடுவதில்லை. அலெக்சாண்டர் ஜோர்டனும் சக ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் சக மாணவர்களுக்கு எவ்வளவு கஷ்டமான அனுபவங்கள் வருகின்றன என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்று தெரிந்தது. அப்படிக் குறைத்து மதிப்பிட்டவர்களுக்குத் தனிமை உணர்வும் அதிகம் இருந்தது. எல்லாரும் ரகசியமாகச் சுமக்கிறார்கள், ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் சுமப்பதாக நினைக்கிறார்கள்.

மூன்றாவது, நிறுத்த இடம் இல்லாதது. ஒரு காலத்தில் பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில் "போதும்" என்று தோன்ற வாய்ப்பு இருந்தது. முடிவே இல்லாமல் கீழே ஓடும் ஸ்க்ரோல் அந்த நொடியை எடுத்துவிட்டது. 2006-ல் அதை வடிவமைத்த அசா ராஸ்கின், அதன் விளைவுகளைப் பற்றித் தானே பிற்காலத்தில் வருத்தத்தோடு பேசியிருக்கிறார். நள்ளிரவு இரண்டு மணி வரை ஓடியதற்கு உங்கள் மன உறுதியின் குறைவு மட்டும் காரணம் இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லது. தன்னையே திட்டிக்கொள்வதும் அசைபோடுதலுக்குத் தீனிதான்.

இப்போது நீங்கள் கேட்ட நேரடிக் கேள்வி: போனால் வந்ததா? ஆய்வுகள் ஒரே பக்கம் பேசுவதில்லை, அதனால் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் 2019-ல் மிகப் பெரிய கணக்கெடுப்புத் தரவுகளை அலசினார்கள். வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்க முடிந்தது என்று கண்டார்கள். மிகச் சிறிய அளவு.

அதற்கு எதிர்ப்பக்கமாக வைக்க வேண்டிய ஆய்வு 2022-ல் வந்தது. ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்டில் தொடங்கி, பிறகு ஒவ்வொரு கல்லூரியாகத்தான் மற்ற இடங்களுக்குப் போனது. எல்லாக் கல்லூரிக்கும் ஒரே நாளில் போகாததால், யாரும் திட்டமிடாமலேயே ஒரு பரிசோதனை நடந்த மாதிரி ஆகிவிட்டது. பிராகியேரி, லெவி, மகாரின் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அந்த ஆண்டுகளின் மாணவர் மனநலக் கணக்கெடுப்புகளை எடுத்து, ஃபேஸ்புக் வந்த கல்லூரிகளையும் இன்னும் வராத கல்லூரிகளையும் ஒப்பிட்டார்கள். வந்த இடங்களில் மனச்சோர்வு கூடியிருந்தது. அதற்கு முக்கியக் காரணமாக அவர்கள் சுட்டியது, மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தன்னைக் குறைவாக எண்ணுவதை.

இரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொள்வது இது. எத்தனை மணி நேரம் என்ற எண்ணை மட்டும் வைத்து ஒருவரின் மனநிலையைச் சொல்லிவிட முடியாது. இரண்டு பேர் அதே மூன்று மணி நேரம் பார்க்கலாம். ஒருவர் சிரித்துவிட்டுத் தூங்கிவிடுவார். இன்னொருவர் பார்த்த ஒவ்வொன்றையும் தன்மேல் போட்டுப் பார்ப்பார். சராசரி எடுத்தால் இந்த இரண்டாமவர் கணக்கில் காணாமல் போய்விடுகிறார். நீங்கள் இரண்டாமவர். அதோடு இது ஒருவழிப் பாதையும் இல்லை. மனம் சோர்ந்திருக்கும்போதுதான் எழுந்து போய் ஒரு வேலை செய்யத் தெம்பு இருக்காது, போன் மட்டும் கைக்கு எட்டும். பார்த்தால் சோர்வு கூடும். கூடினால் இன்னும் பார்க்கத் தோன்றும்.

அப்படியானால் அழித்துவிடலாமா? குறைப்பதில் பலன் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெலிசா ஹன்ட் நடத்தி 2018-ல் வெளியான சோதனையில் 143 மாணவர்கள் இருந்தார்கள். ஒரு பகுதியினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் அவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. வழக்கம் போலப் பயன்படுத்திய மற்ற பிரிவினருக்கும் பதற்றமும், எதையோ தவறவிடுகிறோம் என்ற பயமும் ஓரளவு குறைந்திருந்தன. எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறோம் என்று அவர்களும் தினமும் கவனிக்க வேண்டியிருந்தது. அந்தக் கவனிப்பே உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஆனால் ஆப்பை அழித்துவிட்டு மற்ற எதையும் மாற்றாமல் இருந்தால், என் அனுபவத்தில், பத்து நாளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. மறுபடி இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள், கூடவே "இதுகூட என்னால் முடியவில்லை" என்ற புது வருத்தமும் சேர்கிறது. இல்லாவிட்டால் அசைபோடும் மனம் வேறு தீனி தேடிக்கொள்கிறது: பழைய மதிப்பெண், பழைய சண்டை. அதனால் போனில் கை வைக்கும்போதே பழக்கத்திலும் கை வைக்க வேண்டும்.

போனைப் பொறுத்தவரை நான் கேட்பது கொஞ்சம்தான். படுக்கையிலிருந்து கை நீட்டினால் எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள், அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வையுங்கள். யாருடைய பதிவைப் பார்த்தால் உங்களுக்குள் சுருங்கிப் போகிறீர்களோ அவர்களை மியூட் செய்யுங்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று அர்த்தம் இல்லை, அவர்களுக்குத் தெரியவும் போவதில்லை. மெசேஜைப் படித்துவிட்டதையும் கடைசியாக ஆன்லைனில் வந்த நேரத்தையும் காட்டும் வசதியை முடிந்த ஆப்களில் அணைத்துவிடுங்கள். சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும் குறிகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது.

பழக்கம்தான் பெரிய வேலை. "யோசிக்காதே" என்று தனக்கே கட்டளை போடுவதால் பலன் இல்லை. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் செய்த சோதனையில், வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களால் அந்த நினைப்பைத் தடுக்க முடியவில்லை. தடை நீங்கிய பிறகு அவர்களுக்கு அது இன்னும் அதிகமாக வந்தது. எண்ணத்தைத் துரத்துவதைவிட அதற்கு நேரமும் இடமும் ஒதுக்கிக் கொடுப்பது எளிது. உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் 1983-ல் முன்வைத்த முறை இது: தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே வைத்துக்கொள்வது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு தாளில் ஒரு சொல் குறித்துவிட்டு, "இதை மாலை ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்கிறேன்" என்று தள்ளிவைப்பது. கேட்க விசித்திரமாக இருக்கும். மாலையில் அந்தத் தாளை எடுத்தால் பாதி வரிகள் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தன என்றே புரியாது என்று எத்தனையோ மாணவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். படுக்கை வேண்டாம், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வது என்பதும் முக்கியம். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் வாட்கின்ஸ் அசைபோடுதலுக்கென்றே ஒரு சிகிச்சை முறையை வளர்த்தெடுத்தவர். கேள்வியின் வகையை மாற்றுவது அதில் ஒரு முக்கியப் பகுதி. வகுப்பில் பேசும்போது நடுவில் திணறிவிட்டீர்கள் என்று வையுங்கள். "நான் ஏன் எப்போதும் இப்படி?" என்ற கேள்விக்கு முடிவே கிடையாது, அது உங்கள் மொத்த வாழ்க்கையையும் சாட்சிக்கு இழுக்கும். "எந்த இடத்தில் திணறினேன், அப்போது என்ன நடந்தது, அடுத்த முறை அந்த இடத்துக்கு முன்னால் என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பதில் வரும். மூன்றாவது ஸ்லைடில் எண்களை மறந்தேன், அடுத்த முறை ஒரு சின்னத் தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். அவ்வளவுதான், அது முடிந்தது. பொதுவான ஏன்-களை விட்டு, குறிப்பான என்ன, எங்கே, எப்படி-களுக்கு வருவது. முதல் வாரம் செயற்கையாக இருக்கும், தொடர்ந்து செய்யுங்கள்.

அந்தத் திணறலை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2000-ல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களுக்குப் போடக் கூச்சமான படமுள்ள டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் போகச் சொன்னார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர். மற்றவர்கள் தங்கள் டி-ஷர்ட்டைப் பற்றிய கவலையில் இருந்திருப்பார்கள்.

இரவுக்கு இன்னொன்று. மைக்கேல் ஸ்கல்லின் குழு 2018-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் வரும் நாட்களில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதிய இளைஞர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். செலவு எதுவும் இல்லாத விஷயம், முயன்று பாருங்கள்.

தோழிகளிடம் பேசுங்கள் என்று சொல்வேன், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. இருவர் சேர்ந்து அசைபோடுவதும் உண்டு. "அவள் ஏன் அப்படிச் சொன்னாள்" என்று நள்ளிரவு வரை வாய்ஸ் நோட் அனுப்பிக்கொள்வது அந்த வகை. உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002-ல் சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் செய்த ஆய்வில், இப்படிப் பேசுவது நட்பு நெருக்கத்தோடும் தொடர்புடையது, மனச்சோர்வு பதற்றத்தோடும் தொடர்புடையது என்று கண்டார். அதனால் கொட்டித் தீர்த்த பிறகு, "வா, நடந்துவிட்டு வரலாம்" என்று சொல்லும் ஆளிடம் பேசுங்கள். உடம்பு அசையும்போது மனம் நின்ற இடத்திலிருந்து நகர்கிறது. மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே இதற்கு இடம் உண்டு: விருப்பம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், சிறிய வேலை ஒன்றை முதலில் செய்வது, விருப்பம் பின்னால் வர விடுவது.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதி. நீங்கள் "கொஞ்ச நாளாக எதிலும் பிடிப்பு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாள்? இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் கனத்தோ எதிலும் ஈடுபாடு இல்லாமலோ இருந்து, கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் கெட்டு, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணமும் வருகிறது என்றால், அது பழக்கம் என்ற எல்லையைத் தாண்டி நோய் என்ற எல்லைக்குள் வந்திருக்கலாம். மருத்துவர்கள் பயன்படுத்தும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கடந்த இரண்டு வாரத்தைத்தான் கேட்கும். மொத்தம் 27 மதிப்பெண்ணுக்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது நோயை உறுதி செய்யாது, பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டதைச் சொல்லும். மருத்துவரிடம் போனால் தைராய்டு, ரத்தசோகை போன்றவற்றையும் பார்த்துவிடுவார்கள், அவையும் இதே மாதிரி சோர்வைத் தரக்கூடியவை. மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன, பலருக்கு நன்றாகவே பலன் தருகின்றன.

இது உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மாணவர் மனநல ஆய்வில் 8 நாடுகளின் 19 கல்லூரிகளில் முதலாம் ஆண்டு மாணவர்கள் 13,984 பேர் பதில் சொன்னார்கள். 2018-ல் வந்த அதன் முடிவின்படி, அவர்களில் 35 சதவீதத்தினரின் பதில்களில் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு, பதற்றம் போன்ற மனநலப் பிரச்சினை ஒன்றாவது இருந்ததற்கான அறிகுறிகள் தெரிந்தன. உங்கள் வகுப்பறையில் வரிசைக்கு ஒருவராவது இருப்பார்.

இல்லாமலே போய்விட்டால் நன்றாக இருக்கும், செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும் மேலே எழுதிய எந்தப் பயிற்சிக்காகவும் காத்திருக்காதீர்கள். இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அருகிலிருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ நாடுங்கள்.

மனநல ஆலோசகரிடம் போக வேண்டும் என்று சொன்னதும் பலர் தயங்குவது ஒரே இடத்தில்தான்: போய் என்ன சொல்வது, எங்கிருந்து தொடங்குவது? நீங்கள் அதைப் பற்றி மறுபடி உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். எனக்கு எழுதிய கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டுங்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், என்ன ஓடுகிறது, எவ்வளவு நாளாக என்று அவர் கேட்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அதில் இருக்கிறது. மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.